இல்லத்து வெள்ளியும் அதில் வெட்டிய பெயரும்

புரட்டாசிச் சனிக்கிழமைகளும் வைகுண்ட ஏகாதசியும் நெருங்கும்போது, தருமபுரி வட்டாரத்துப் பெருமாள் அடியார்களின் இல்லங்களில் வெள்ளிப் பெட்டி திறக்கப்படும். பஞ்சபாத்திரம், உத்தரணி, தீர்த்தச் செம்பு, சந்தனப் பேலா, குங்குமச் சிமிழ், பன்னீர்ச் செம்பு, குழந்தைகளுக்குப் பால் புகட்டிய பாலாடை ஆகியவை துணி மூட்டையினின்று வெளிவரும். சென்ற ஆண்டு பளபளவென்று உள்ளே சென்றவை இவ்வாண்டு மஞ்சளித்தும் கறுத்தும் காணப்படும். உடனே புளியும் சாம்பலும் தேங்காய் நாரும் கிணற்றடிக்கு வந்து சேரும். அரைமணி நேரத் தேய்ப்பில் கறுப்பு போய்விடும். கறுப்போடு கூட வேறு என்ன போயிற்று என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

பழைய வெள்ளிப் பாத்திரங்களின் கழுத்திலோ அடியிலோ சிற்றுளியால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருப்பதைக் காணலாம். இம்மாவட்டத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் வழங்குவதால், பெயர்கள் மூன்று எழுத்திலும் காணப்படுவதுண்டு. அவற்றுள் பல பெண்களின் பெயர்கள். மணமகளுக்குத் தாய்வீட்டார் சீராகக் கொடுத்த பாத்திரத்தில் அவள் பெயரையே வெட்டுவது வழக்கமாக இருந்தது. நிலப்பட்டாவில் இடம்பெறாத பெயர் அது. கடன் பத்திரத்திலும் கல்வெட்டிலும் அதைத் தேடிப் பயனில்லை. கொள்ளுப்பாட்டியின் பெயர் எழுத்தில் எஞ்சியிருப்பது பல குடும்பங்களில் ஒரு செம்பின் கழுத்தில் மட்டுமே எனலாம். தருமபுரி மாவட்டம் நடுகற்களுக்குப் பெயர் பெற்றது. ஆநிரை மீட்டு மாண்ட வீரர்களின் பெயர்களை வட்டெழுத்தில் தாங்கிய கற்களைத் தருமபுரி நகரத்து அகழ்வைப்பகத்தில் இன்றும் காணலாம். கல்லில் வெட்டிய பெயர் ஆயிரம் ஆண்டைக் கடந்து நிற்கிறது. வெள்ளியில் வெட்டிய பெயரோ, ஆண்டுக்கு ஒருமுறை சாம்பலிட்டுத் தேய்த்தால் மூன்று தலைமுறைக்குள் தடவினாலும் தெரியாமல் மழுங்கிவிடுகிறது.

வெள்ளி கறுப்பது ஏன் என்பதை முதலில் அறிதல் நலம். இரும்பு துருப்பிடிப்பதைப் போன்றது அன்று இது. காற்றிலுள்ள உயிர்வளியால் வெள்ளி எளிதில் கெடுவதில்லை. வெள்ளியின் பகை கந்தகம். அழுகும் பொருள்களினின்றும் சாக்கடையினின்றும் எழும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வளி, காற்றில் மிகச் சிறிதளவே இருந்தாலும் வெள்ளியின் மேற்பரப்பைப் பற்றிக்கொண்டு வெள்ளி சல்பைடு என்ற கரிய படலமாகிறது. முதலில் இளமஞ்சள், பின்னர் பழுப்பு, அதன்பின் நீலமும் கருமையும் என நிறம் மாறுவது படலத்தின் கனம் கூடக் கூட நிகழ்வது. காற்றில் ஈரம் மிகுந்தால் இது விரைவுபடும். ஆகையால் ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின் திறக்கும் பெட்டி, பங்குனியில் திறக்கும் பெட்டியினும் கறுத்திருப்பதில் வியப்பில்லை.

இங்கே கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அக்கரிய படலம் வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு அன்று. அதன் எடையில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்கு வெள்ளியே. பாத்திரத்தின் மேற்பரப்புத்தான் கந்தகத்தோடு கூடி நிறம் மாறி நிற்கிறது. எனவே கறுப்பைச் சுரண்டி எடுப்பது வெள்ளியைச் சுரண்டி எடுப்பதே ஆகும். ஒருமுறை தேய்ப்பதில் போவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. ஆனால் பெயர் வெட்டிய புள்ளியின் ஆழமும் பெரிதன்று. பூவேலைப்பாட்டின் நரம்புக் கோடுகள் அதனினும் மெல்லியவை.

கந்தகம் வீட்டுக்குள் எவ்வாறு வருகிறது என்று சிலர் ஐயுறலாம். முட்டையும் வெங்காயமும் புகாத மடைப்பள்ளியிலும் பெருங்காயம் உண்டு. அதன் மணமே கந்தகச் சேர்மங்களால் ஆவது. கடுகும் முட்டைக்கோசும் அவ்வினத்தவையே. தீக்குச்சி மருந்திலும் தீபாவளி வெடியிலும் கந்தகம் இருக்கிறது. வெடிப்புகை சூழ்ந்த தெருவில், திறந்த அலமாரியில் இருந்த வெள்ளி விளக்கு ஓரிரவில் மஞ்சளிப்பது இதனால்தான். எல்லாவற்றினும் கொடியது, பலரும் ஐயுறாத இரப்பர் வளையம். இரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்க்கிறார்கள். தட்டுகளை அடுக்கி இரப்பர் வளையமிட்டு வங்கிப் பெட்டகத்தில் வைத்தவர்கள், சில ஆண்டுகள் கழித்துத் திறக்கையில் வளையம் பதிந்த இடமெல்லாம் சூடுபோட்டாற்போன்ற கருங்கோடு விழுந்திருக்கக் கண்டு வருந்துவதுண்டு. அக்கோடு எளிதில் போவதில்லை.

அன்றாடம் புழங்கும் வெள்ளி அவ்வளவாகக் கறுப்பதில்லை. தருமபுரிக் கோட்டைப் பரவாசுதேவப் பெருமாளைச் சேவிப்போரும், அதியமான்கோட்டைச் சென்றாயப் பெருமாளைச் சேவிப்போரும் தம் தலைமேல் சாதிக்கப்பெறும் சடாரியை நினைவுகூரலாம். எந்தத் திருக்கோயிலிலும் நாள்தோறும் கைபட்டுத் துணிபட்டு வரும் வெள்ளிச் சடாரியின் மேற்புறம் ஒளிவிடும். ஆண்டில் சில நாட்களே வெளிவரும் வெள்ளிப் பொருள்கள்தாம் இருண்டிருக்கும். இல்லத்திலும் பஞ்சபாத்திரத்தை நாள்தோறும் பயன்படுத்தி, கழுவித் துடைத்து வைப்பவர்க்குத் தேய்க்கும் வேலையே வருவதில்லை. ‘தேய்ந்துவிடும்’ என்று அஞ்சிப் பூட்டி வைப்பவர்தாம் முடிவில் அதிகம் தேய்க்கிறார்கள்.

ஒரே வீட்டில் ஒரு செம்பு கறுப்பதும் மற்றொன்று பச்சைக் களிம்பு பூப்பதும் உண்டு. இதற்குக் காரணம் நாணயத்தில் இருக்கிறது. முற்காலத்தில் குடும்பத்தார் வெள்ளி ரூபாய்களைப் பத்தரிடம் எண்ணிக் கொடுத்து உருக்கிப் பாத்திரம் செய்விப்பார்கள். ‘ரூபாய் எடை’ என்று வெள்ளியை நிறுப்பதும் அவ்வழக்கைச் சார்ந்ததே. ஒரு ரூபாய் எடை 11.66 கிராம். 1835ஆம் ஆண்டு முதல் வழங்கிய ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி இருந்தது. உலகப்போரின்போது 1940இல் அது பாதியாகக் குறைக்கப்பட்டு, செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்க்கப்பட்டன. 1947இல் வெள்ளியே இல்லாத நிக்கல் ரூபாய் வந்தது. ஆகவே பழைய ரூபாயில் வார்த்த செம்பு கறுக்கும். 1940க்குப் பிந்திய ரூபாயில் வார்த்தது மஞ்சளித்துக் களிம்பு ஏறும். அரசு முத்திரை இல்லாமையால் பழைய வெள்ளியைப் போலி எனக் கருத வேண்டா. வெள்ளிக்குத் தர முத்திரையிடும் முறை நம் நாட்டில் 2005இல்தான் தொடங்கியது.

இனிப் புளியைப் பற்றி. புளிக்குப் பெயர் போன இம்மாவட்டத்தில் அதைக் குறை கூறுவது எளிதன்று. பித்தளைக்கும் செம்புக்கும் புளி உற்ற துணை. அவற்றின் மேல் படியும் களிம்பைப் புளியின் காடித்தன்மை கரைத்துவிடும். வெள்ளியின் கறுப்போ புளிக்குக் கரைவதன்று. புளியிட்டுத் தேய்க்கும்போது வெள்ளி வெளுப்பது புளியால் அன்று. தேய்க்கும் நாராலும் சாம்பலாலும் மேற்பரப்பு அராவப்படுவதால்தான். சாம்பலிலும் செங்கற்பொடியிலும் மணற்சத்து உண்டு. கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை அளக்கும் முறையில் வெள்ளி மூன்றைத் தாண்டாது, மணல் ஏழு. பற்பொடியும் பற்பசையும் சிலருக்குக் கைகண்ட மருந்தாக இருக்கின்றன. அவையும் அராவும் பொருள்களே. சலித்தெடுத்த திருநீறு இவற்றினும் மென்மையானது என்பது உண்மை. ஆயினும் அதிலும் சாம்பலின் குணம் இல்லாமற் போகாது.

தூய்மை செய்யும் முறை பொறுமையைக் கோருமேயன்றிப் பொருட்செலவைக் கோராது. முதலில் எண்ணெய்ப் பிசுக்கும் சந்தனமும் குங்குமமும் போக வேண்டும். பூந்திக்கொட்டையை இரவில் ஊறவைத்துக் கசக்கி வடித்த நீரிலோ, மென்மையான சோப்பு சில துளி கலந்த வெதுவெதுப்பான நீரிலோ, பழைய பருத்தித் துணியால் தடவிக் கழுவினால் போதும். இடுக்குகளுக்கு மென்மையான தூரிகை தேவை. கறுப்பு எனக் கருதியதில் பெரும்பகுதி விளக்குப் புகையும் எண்ணெயுமே என்பது இந்தக் கட்டத்தில் பல வேளைகளில் தெரிந்துவிடும். அவ்வாறாயின் அத்தோடு நிறுத்திக்கொள்வதே நன்று.

கழுவும் நீரும் கவனிக்கத்தக்கது. இம்மாவட்டத்து நிலத்தடி நீரில் உப்பும் புளோரைடும் மிகுதி என்பதும், அதன் பொருட்டே 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் செயற்பாட்டுக்கு வந்தது என்பதும் யாவரும் அறிந்தவை. கிணற்று நீரிலும் ஆழ்துளை நீரிலும் கழுவி அப்படியே உலரவிட்டால் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் படியும். கடைசி அலம்பலுக்குப் பிடித்து வைத்த மழைநீரோ காய்ச்சி வடித்த நீரோ சிறந்தது. அலம்பியவுடன் துணியால் ஒற்றி எடுத்து, நிழலில் நன்கு உலர்த்த வேண்டும். கிண்டியின் மூக்கிலும் செம்பின் விளிம்பு மடிப்பிலும் ஈரம் தங்கும். கவிழ்த்து வைத்து ஒரு நாள் காத்திருப்பது தவறாகாது.

இதன் பின்னும் கறுப்பு எஞ்சுமாயின் இரு வழிகள் உள்ளன. ஒன்று, மருந்துக் கடையில் கிடைக்கும் நயமான சுண்ணாம்புக் கார்பனேட்டுப் பொடியைச் சிறிது நீரில் குழைத்து, பஞ்சினால் மெல்லத் துடைப்பது. அருங்காட்சியகங்களில் கையாளும் முறை இதுவே. அதன் கடினம் வெள்ளியை ஒத்ததாதலின் கீறல் மிகக் குறைவு. வட்டமாகத் தேய்க்காமல் ஒரே திசையில் இழுத்துத் துடைத்தலும், பெயர் வெட்டிய இடத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களை மட்டும் துடைத்தலும் வேண்டும். பெயர் கறுப்பாகவே நிற்கட்டும். வெளுத்த வெள்ளியில் கரிய எழுத்தாக நின்றால் படிப்பதற்கும் எளிது.

மற்றொரு வழி, கறுப்பை அகற்றாமல் அதை மீண்டும் வெள்ளியாக்குவது. உணவு பொதியும் அலுமினியத் தாளைப் பீங்கான் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் விரித்து, வெள்ளியை அதைத் தொடுமாறு வைத்து, ஒரு லிட்டர் வெந்நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடாவும் ஒரு சிறு கரண்டி உப்பும் கலந்து ஊற்ற வேண்டும். சில நிமிடங்களில் அழுகிய நாற்றம் போன்ற ஒன்று எழும். கந்தகம் வெள்ளியை விட்டு நீங்குவதற்கு அதுவே அடையாளம். அலுமினியம் கந்தகத்தை வாங்கிக்கொள்ள, வெள்ளி பெரும்பாலும் பாத்திரத்திலேயே தங்குகிறது. உடனே எடுத்து, உப்புச் சிறிதும் நில்லாதவாறு பலமுறை அலம்பிவிடுதல் வேண்டும். இதன் அடிப்படை நமக்குப் புதிதன்று. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் வேதியியல் ஆய்வுக்கூடம் அமைக்கப்பட்டது. களிம்பேறிச் சிதைந்துகொண்டிருந்த செப்புத் திருமேனிகளை டாக்டர் எஸ். பரமசிவன் அங்கே மின்னாற்பகுப்பு முறையால் மீட்டார். சுரண்டாமல், மாறிப்போன உலோகத்தை மீண்டும் உலோகமாக்குவது என்பதே அம்முறையின் கருத்து. வீட்டுச் சமையலறையில் வெந்நீரிலும் சோடாவிலும் நிகழ்வது அதற்கு நெருங்கிய உறவு.

ஆயினும் இந்த வெந்நீர் முறை எல்லாப் பொருளுக்கும் ஏற்றதன்று. பழைய தண்டையும் காப்பும் உட்கூடாகச் செய்து அரக்கு நிரப்பப்பட்டவை. வெந்நீரில் அரக்கு இளகிப் பொருளே நெளிந்துவிடும். கல் பதித்தவை, மரப்பிடி உடையவை ஆகியவற்றையும் அமிழ்த்தலாகாது. தங்க முலாம் பூசியவற்றைத் தேய்க்கவே கூடாது. முலாம் வெள்ளியின் கறுப்பைவிடச் சற்றே கனமானது, அவ்வளவே. புடைப்பு வேலைப்பாடு உள்ளவற்றுக்கும் இம்முறை வேண்டா. 19ஆம் நூற்றாண்டில் சென்னை பி. ஆர் அண்டு சன்ஸ் நிறுவனம் பெயர் பெற்ற ‘சுவாமி’ வேலைப்பாட்டு வெள்ளியைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: பள்ளங்களில் நிழல் போல் நிற்கும் கருமையே உருவங்களை எழுந்து நிற்கச் செய்கிறது. அந்நிழலையும் வெளுத்துவிட்டால் சிற்பம் தட்டையாகிவிடும். ஜெர்மன் வெள்ளி என்பதிலோ வெள்ளியே இல்லை. அது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம். வெள்ளி முலாமிட்ட பொருளில் விளிம்பும் பிடியும் செம்மஞ்சளாகத் தெரியத் தொடங்கினால், துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கடையில் விற்கும் தோய்க்கும் திரவங்கள் நொடியில் வெளுப்பாக்குவன. அவற்றில் பல, அமிலமும் தயோயூரியாவும் கொண்டவை. கறுப்பைக் கரைக்கும்போது அதிலுள்ள வெள்ளியையும் கரைத்துக்கொண்டு போகின்றன. நகைக்கு மெருகு போடுவதாகக் கூறி வாயிலுக்கு வரும் அறிமுகமற்றோரைப் பற்றிக் கூறவே வேண்டா. அவர்கள் குவளையில் உள்ளது அமிலம். பொருள் ஒளியோடு திரும்பும். எடை குறைந்து திரும்பும்.

‘கறுத்துவிட்டதே, போட்டுவிட்டுப் புதிதாக வாங்கலாம்’ என்று எண்ணும் குடும்பங்களும் உண்டு. சேலத்துச் செவ்வாய்ப்பேட்டையும் சிவதாபுரமும் பனங்காடும் வெள்ளித் தொழிலுக்குப் பெயர் பெற்றவை. 1965இல் தருமபுரி தனி மாவட்டமாகும்வரை சேலமே நமக்கும் தலைநகர். இன்றும் கொலுசு எடுக்க அங்குச் செல்வோர் பலர். புதுக் கொலுசு வாங்குவதில் பிழையில்லை. ஆனால் கறுப்பினால் வெள்ளியின் எடையோ மாற்றோ குறைவதில்லை என்பதைத் தெரிந்துகொண்டு செல்ல வேண்டும். பழைய செம்பைத் தராசில் வைத்தால் எடைக்குத்தான் விலை, பெயருக்கு விலையில்லை. உலைக்குச் சென்றால், 962 பாகை வெப்பத்தில் அப்பெயர் உருகிப் போகும்.

பட்டுப்புடவைக்கும் இதில் பங்கு உண்டு. பழைய கூறைப்புடவையின் சரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி இழையைச் சுற்றித் தங்க முலாம் ஏற்றியது. கறுத்த சரிகையை எலுமிச்சையாலோ சோடாவாலோ துடைப்பது பட்டையும் சரிகையையும் ஒருங்கே கெடுக்கும். கைவைக்காமல், ஆண்டுக்கு இருமுறை மடிப்பை மாற்றி வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைத்தலே அதற்குரிய பாதுகாப்பு.

வெள்ளியைப் பொதிந்து வைக்கவும் அதுவே ஏற்றது. பலமுறை துவைத்து மென்மையான, கஞ்சியும் வெளுப்பு மருந்தும் படாத பழைய வேட்டித் துணியைவிடச் சிறந்ததைக் கடையில் தேட வேண்டியதில்லை. கம்பளியில் கந்தகம் உண்டு. செய்தித்தாளும் அட்டைப்பெட்டியும் சாயம் ஏற்றிய வெல்வெட்டுப் பேழையும் ஆகா. மேலை நாட்டு அருங்காட்சியகங்களில் நுண்ணிய வெள்ளித் துகள் ஏற்றிய துணியைப் பயன்படுத்துகிறார்கள். வரும் கந்தகத்தை அத்துகளே வாங்கிக்கொள்ளும். நம் இல்லங்களில், ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே பருத்தித் துணியில் சுற்றி, பாலித்தீன் பையிலிட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டினால் போதும். கட்டுவதற்குப் பருத்தி நூல், இரப்பர் வேண்டா. சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைச் சேர்த்து வைக்கலாம். கரும்பலகைச் சுண்ணக்கட்டி ஈரத்தைச் சிறிது வாங்கும். அதனாலேயே வெள்ளி கறுக்காது என்று நம்பியிருத்தல் ஆகாது. பெருங்காய டப்பாவும் தீப்பெட்டியும் இருக்கும் மாடத்தில் பெட்டியை வைத்தலும் கூடாது. புளியோதரையையும் ஊறுகாயையும் வெள்ளித் தட்டில் பரிமாறினால் உண்டவுடன் கழுவிவிட வேண்டும். உப்பு இரவெல்லாம் தங்கினால் விழும் குழி, கறுப்பைப் போல மீட்கத்தக்கதன்று.

தூய்மை செய்யும் நாளிலேயே செய்யத்தக்க பணி இன்னும் ஒன்று உண்டு. பெயர் வெட்டிய இடத்தின்மேல் மெல்லிய வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலின் பக்கவாட்டால் இலேசாகத் தடவினால் எழுத்துகள் தாளில் எழும். அதன் கீழ், அப்பெயருக்குரியவர் யார், யாருக்கு யார் கொடுத்தது, எந்தத் திருமணத்தில், எடை எவ்வளவு என்பவற்றை வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேட்டு எழுதி வைக்கலாம். எண்பது வயதைக் கடந்த அத்தையோ பாட்டியோ இருக்கும் இல்லத்தில் இதைத் தள்ளிப்போடாமல் இவ்வாண்டே முடிப்பது நல்லது. பேனாவின் மை பரவும், பென்சிலே நிலைக்கும். அத்தாளை வெள்ளியோடு பொதியாமல், தனி உறையிலிட்டுப் பெட்டி மூடியின் உட்புறத்தில் செருகி வைக்க வேண்டும்.